மனேஜர் சொல்லாத காரணம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கிண்ணியாவிலிருந்து நஸீர் தொலைபேசியில் அழைத்தார். "சேர், மனேஜர் போயிட்டார்," என்றார்.

எங்கள் கழகத்தின் உதைபந்தாட்ட அணியை நெடுங்காலம் நடத்திய மரியநாயகம் அவர்களையே நாங்கள் மனேஜர் என்போம். அவரைப் பற்றி எழுதும் திறமை எனக்கு உண்டா என்பது ஐயம்தான். செயலாளராக அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவன், அவ்வளவே.

துறைமுகத்தில் வேலை முடிந்ததும் எண்ணெய்க் கறை படிந்த காற்சட்டையோடு நேரே மைதானத்துக்கு வருவார். ஒரு நோன்பு மாதத்தில் எங்கள் பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும், "ஆர் ஆர் நோன்பு?" என்று கேட்டார். நோன்பு பிடிக்காத சிலர் தலை குனிந்தார்கள்.

"அது அவங்களுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கதை. இனி ஒருத்தரும் கேக்கப்படாது," என்றார் மனேஜர்.

பின்னொரு நோன்பு மாதத்தில் கிண்ணத்துக்கான இறுதியாட்டம் வந்தது. ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. இடைவேளைக்குப் பின் எங்கள் பின்கள வீரர் நஸீர் தளர்ந்துபோனார். இன்னும் ஒருவரை மாற்றலாம். மனேஜர் மாற்று வீரர் குமாரை எழுப்பினார், இருத்தினார், மீண்டும் எழுப்பினார்.

"மனேஜர், எழும்பு இரு எண்டு விளையாட இது பள்ளிக்கூடமோ?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

"நஸீரிட்ட ஒருக்கா கேட்டுப் பாருங்களேன்," என்றேன் நான்.

"கேக்கப்படாது எண்டு சொன்னது நான்தானே. நோன்பெண்டு நினைச்சு அவனை எடுத்தா, நாளைக்கு நோன்புக்காரனை ஆர் டீமில போடுவான்?"

குமார் மூன்றாம் முறை எழுந்து நின்றபோது எதிரணி வீரர் நஸீரைக் கடந்து ஓடிக் கோல் அடித்தார். தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம். நஸீர் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். "நோன்பில்ல மனேஜர். கால் வீக்கத்துக்குக் குளிசை போட்டன். சொன்னா விளையாட விடமாட்டீங்க. வாப்பாக்கும் தெரியாது."

மனேஜர் சிரித்துவிட்டார். "நீயும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை. கப் மட்டும் போயிட்டுது."

நிர்வாகக் குழு அவரை விசாரித்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பதவி தப்பியிருக்கும். ஆனால் நஸீர் நோன்பை விட்ட கதை அன்றே கிண்ணியாவில் தந்தையாரின் காதுக்குப் போயிருக்கும். "எனக்கு ஒரு முடிவுக்கு வர ஏலாமப் போச்சு," என்று மட்டும் சொன்னார். நான் வாய் திறக்கப்போனபோது மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்தினார். பதவி போயிற்று.

பிறகு தேநீர்க் கடையிலும் கேலிதான். "பிளேன்ரீயோ பால்ரீயோ, முடிவெடுத்திட்டீங்களோ மனேஜர்?" "ரெண்டையும் வச்சிட்டுப் போ," என்பார்.

மரண வீட்டில் நஸீர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய தந்தையாரும் இப்போது இல்லை. "எழுதுங்க சேர். அண்டைக்கு எனக்கு நோன்பில்லண்டும் எழுதுங்க. என்ட பேரையும் போடுங்க." சொல்லிவிட்டுப் போய்ப் பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டார்.

அன்று குமாரை இறக்கியிருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன், மனேஜர். ஆனால் அந்த விசாரணைக் கூட்டத்தில் நீங்கள் ஒரு கணமும் தடுமாறவில்லை. அதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். போய் வாருங்கள்.