இரண்டு மணிக்கொரு கையெழுத்து

எலுமிச்சை வாசனை அடித்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சர்பத், ஊறுகாய் இப்படி ஏதாவது. எனக்கு இனிமேல் நாத்தனாரின் பித்தப்பைதான். போன வாரம் அவளுடைய பித்தப்பை ஆபரேஷனுக்குத் துணையாக, முன்பு நான் நர்ஸாக வேலை பார்த்த அதே தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் இருந்தேன். பழைய பினாயில் நெடி போய்விட்டது. சுவரில் மாட்டிய டப்பா ஒன்று நிமிஷத்துக்கொரு தரம் எலுமிச்சையைத் துப்புகிறது. வாசலில் ஒரு தொடுதிரை: சிரிக்கும் மூஞ்சி, அழும் மூஞ்சி, எங்கள் சேவை எப்படி? அழும் மூஞ்சியை அழுத்தினேன். "நன்றி, மீண்டும் வருக" என்று வந்தது. ஆஸ்பத்திரிக்கு மீண்டும் வரச் சொல்கிறவர்களை என்ன செய்வது?

பினாயில் எவ்வளவோ யோக்கியம். எதையோ மறைக்கிறோம் என்பதை அது மறைத்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் எங்களிடம் வருவார்கள். பாத வெடிப்புகளில் வெள்ளை மண் ஏறியிருக்கும். எவ்வளவு துடைத்தாலும் விரிப்பில் தடம் விழும். அதைப் பார்த்து முகம் சுளிக்கவென்றே ஒரு மேனேஜர் இருந்தார். தரச் சான்றிதழ் வாங்கித் தர வந்தவர். வாழ்நாளில் ஒரு மூத்திரச் சட்டியை எடுத்து ஊற்றியிருக்க மாட்டார்; ஆனால் 'நோயாளி நலன் மேம்பாடு' என்று சொல்லும்போது வாயில் அல்வாவை வைத்திருப்பதுபோல் ஒரு குழைவு.

அவர் கொண்டுவந்ததுதான் அந்த சார்ட். எழுந்திருக்க முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். புரட்டியதும் கட்டத்தில் கையெழுத்து. நல்ல ஏற்பாடுதான். முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்பதால் புரட்ட நேரமில்லை, கையெழுத்துக்கு மட்டும் நேரம் கிடைத்தது. காலையில் வந்ததுமே அத்தனை கட்டங்களிலும் போட்டுவிடுவேன். பள்ளியில் பரிசு வாங்கிய கையெழுத்து என்னுடையது. மேனேஜர் என் சார்ட்டை மீட்டிங்கில் தூக்கிக் காட்டி, "இதான் பேஷண்ட் கேர்" என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

உண்மையில் புரட்டியவள் ரோசாலி. வார்டு அட்டெண்டர், என்னைவிட நாலு வயது இளையவள், வாய் மோசம். அட்டெண்டர் கையெழுத்து செல்லாது என்பதால் காகிதப்படி அவள் அங்கே எந்த வேலையும் செய்யவில்லை. தங்கை பிரசவத்துக்காக அவள் பத்து நாள் லீவில் போன சமயத்தில் ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சூளைக்குத் தட்டு தூக்குகிறவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து ஆண்கள் வார்டில் கிடந்தார். அவர் மனைவி தனலட்சுமியைப் பார்வை நேரம் தவிர உள்ளே விடவில்லை. அதுவும் ஒரு மேம்பாடு.

லீவு முடிந்து வந்த ரோசாலி அவரைப் புரட்டியவுடன் என்னைக் கூப்பிட்டாள். வால் எலும்புக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்து உரிந்திருந்தது. அவள் சார்ட்டை எடுத்துப் பார்த்தாள்.

"இதெல்லாம் ஒங்க கையெழுத்துதான சிஸ்டரு? இந்த மனுசன் பேப்பரு மேலயா படுத்துருக்காரு?"

ஏகாம்பரம் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "வுடும்மா. அவங்களுக்கும் எவ்ளோ வேல இருக்குது."

ரோசாலி திட்டியதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

ரெண்டு நாளில் தணிக்கைக் குழு வருவதாக இருந்தது. "வார்டுல பெட்சோரே இருக்கக் கூடாது" என்றார் மேனேஜர். புண்ணை ஆற்றச் சொல்கிறார் என்று நினைத்த மடச்சி நான். புண் உள்ள ஆள் இருக்கக் கூடாது என்பது மறுநாள் காலை டிஸ்சார்ஜ் சீட்டு வந்தபோதுதான் விளங்கியது. 'தோல் நல்ல நிலையில் உள்ளது' என்று அதில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், அதே பரிசுக் கையெழுத்தில். டாக்டர் படிக்காமலே ஒப்பமிட்டார். குழு வந்தது, சார்ட்டுகளைப் புரட்டியது, முந்திரி தின்றது, சான்றிதழ் கொடுத்தது.

அன்று சாயங்காலம் ரோசாலி பையில் பஞ்சும் மருந்தும் துணிக்கட்டும் எடுத்துக்கொண்டாள். "நான் கம்மாபுரம் போறேன், அவரு வூட்டுக்கு. வரீங்களா, இல்ல இங்கயே ஒக்காந்து கையெழுத்து போடுறீங்களா?"

அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். தனலட்சுமி வாசற்படியிலேயே மறித்துக்கொண்டு நின்றார்.

"ஆஸ்பத்திரிலேருந்துதான வரீங்க? இன்னும் எதுலங்க கையெழுத்து போடணும்?"

"ஒண்ணுலயும் இல்லக்கா. கொஞ்சம் தண்ணி கொதிக்க வைங்க" என்றாள் ரோசாலி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்பு மூட்டப் போனார். ஏகாம்பரத்தின் புண்மேல் இருந்த துணிக்கட்டை நான்தான் பிரித்தேன். வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். "நான்தாங்க எழுதுனேன்" என்று மட்டும் ஏகாம்பரத்திடம் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. அது அவருடைய உரிமை. ஏறக்குறைய நாலு மாதம் வேலை முடிந்து மாறி மாறிப் போனோம். புண் ஆறியது. கோல் ஊன்றித் தெருக்கோடி வரை நடந்தார். சூளைக்கு மட்டும் திரும்பவில்லை.

வார்டில், திருப்பினால்தான் கையெழுத்து என்று ஆரம்பித்தேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"என்ன மேடம், சார்ட்டு ஓட்ட ஓட்டயா இருக்குது?"

"அந்த நேரத்துல திருப்பலைங்க சார்."

"திருப்பலைன்னா, அதை அப்படியே சார்ட்டுலயா காட்டுவாங்க?"

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொன்னேன். "அவருதான் டிஸ்சார்ஜ் ஆயிட்டாரே" என்றார் நிஜமான ஆச்சரியத்தோடு. கெட்டவன் என்றால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். அந்த ஆள் வெறும் காலி டப்பா. அடுத்த மாதமே என்னைப் பதிவு கவுண்டரில் உட்காரவைத்தார்கள். கொஞ்ச நாளில் நானே விலகிவிட்டேன். ரோசாலி இப்போது பெண்ணாடத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். வாய் அப்படியேதான் இருக்கிறது.

போன வாரம் மூன்றாம் நாள், நாத்தனாருக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான அம்மா முனகிக்கொண்டே கிடந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இளம் நர்ஸிடம் அட்டெண்டரைக் கூப்பிடச் சொன்னேன்.

"அட்டெண்டர்லாம் இப்ப கெடையாதுங்க மேடம். அந்தப் போஸ்டையே எடுத்துட்டாங்க. கூட இருக்குறவங்கதான் பாத்துக்கணும்."

"கூட யாரும் இல்லைன்னா?"

அவள் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். பாவம், தனியாக மொத்த வார்டையும் பார்க்கிறாள். நான் போய் அந்த அம்மாவின் தோளுக்கும் இடுப்புக்கும் கீழே கைகொடுத்து மெல்லப் புரட்டிவிட்டு, முதுகைத் துடைத்துத் தலையணையை அண்டக்கொடுத்தேன்.

"நீ இந்த ஆஸ்பத்திரி ஆளாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அதான பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.