மார்க் ஏற வேண்டும் என்று செபித்தோம்

பால் குடிக்கும்போதே என் மகன் ஜெரினுக்கு வியர்த்துக் கொட்டும். இரண்டு வாய் குடிப்பான், மூச்சு வாங்கும், விட்டுவிடுவான். சளிதான் என்று சாணார்பட்டியில் ஆளாளுக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன். திண்டுக்கல்லில் குழந்தை மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் ஓட்டை இருக்கும்போலத் தெரிகிறது, தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். போன வருடம் தவக்காலம் அது. அந்த வார்த்தைக்குப் பிறகு நான் பேருந்து ஏறியதோ வீடு வந்ததோ எனக்கு நினைவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் கணவர் அந்தோணி தக்காளி போடுகிறவர். எங்கள் இருவருக்கும் ஆஸ்பத்திரி பாஷை தெரியாது. மதுரையில் ஆபரேஷன் முடிந்ததும் மருத்துவர் வெளியே வந்தார். ஓட்டையை அடைத்தாயிற்று, இனிமேல் பிள்ளை தேறுவதைத்தான் பார்க்க வேண்டும் என்றார். அடிக்கடி ரத்தம் எடுத்து லாக்டேட் என்று ஒரு மார்க்கர் பார்ப்பார்களாம். எப்படித் தேறுவான் என்று அதை வைத்து ஓரளவு முன்கூட்டியே சொல்லலாமாம். இன்னும் என்னென்னவோ சொன்னார். என் காதில் விழுந்தது ‘மார்க்’ மட்டும்தான். டீச்சர் காதில் வேறென்ன விழும்?

முதலில் நாலு என்றார்கள். பத்துக்கு நாலு என்று நானே எடுத்துக்கொண்டேன். மனசு உடைந்துபோனது. பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தை நடத்தும் ரீட்டா அக்காவுக்குப் போன் போட்டு, மார்க் குறைவாக இருக்கிறது, ஏற வேண்டும் என்று செபியுங்கள் என்றேன். அன்பியத்துக் குடும்பங்கள் எல்லாம் அவர் வீட்டில் கூடிச் செபமாலை சொன்னார்கள்.

ஏறியது. ஐசியு வாசலுக்கு வந்த நர்ஸ், ஏழு ஆகிவிட்டது, டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார் என்றார். ரொம்ப நன்றிம்மா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கணவருக்கும் சந்தோஷம். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கணக்கு. அன்றைக்குத்தான் இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

மறுநாள் ஐந்து. பிறகு மூன்று. பிறகு இரண்டு என்றார்கள். நான் ஐசியு வாசல் நடையிலேயே உட்கார்ந்து அழுதேன். இம்புட்டுப் பேர் கேட்டும் உமக்குக் காது கேட்கவில்லையா என்று ஆண்டவரோடு சண்டையே போட்டேன். அதே நர்ஸ் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ஏன்க்கா அழுகுறீங்க? இது எறங்கத்தான்க்கா செய்யணும். உடம்புக்கு ரத்தம் சரியாப் போய்ச் சேராட்டி ஏறும். நேத்து ஏழுன்னப்ப நாங்கதான் பயந்து கெடந்தோம்.”

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நாங்கள் வயிறாரச் சாப்பிட்ட நேரத்தில் பிள்ளை உள்ளே போராடிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் தரையில் கிடந்து அழுத நேரத்தில் தேறிக்கொண்டு இருந்திருக்கிறான். அப்படியானால் நாங்கள் ஏற வேண்டும் என்று கேட்டதால்தான் ஏறியதா? பிள்ளைக்கு நாங்களே கெடுதல் கேட்டோமா? கணவரிடம் கேட்டேன். “ஆண்டவருக்குமா நம்ம பாடம் எடுக்கணும்?” என்று மட்டும் சொன்னார்.

ரீட்டா அக்காவிடம் வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். “எனக்கும் கொழப்பமா இருக்கு டீச்சர். ஏறணும் எறங்கணும்னெல்லாம் இனிமே சொல்லல. பிள்ளை பேர மட்டும் சொல்லிக்கிறோம்” என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் செய்தார்கள். இரத்தப் பரிசோதனையும் முழுசாகச் சொல்லிவிடாது, பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் எச்சரித்திருந்ததால் பயம் விடவில்லை. மூச்சுக்கு வைத்திருந்த குழாயை எடுத்த அன்றைக்கு ஜெரின் கரகரத்த குரலில் அழுதான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

வீடு திரும்பியதும் நன்றித் திருப்பலி வைத்தோம். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னார் பங்குத்தந்தை. மைக் முன்னால் போய் நின்றேன். ஆண்டவர் கேட்டதற்கு நன்றி சொல்வதா, கேட்காமல் விட்டதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. “நாங்கள் கேட்டதை நீர் கொடுக்கவில்லை, அதற்கு நன்றி ஆண்டவரே” என்றுதான் வாயில் வந்தது. ஒவ்வொரு மன்றாட்டுக்கும் சொல்லும் பழக்கதோஷத்தில் கோவில் முழுவதும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. சிலர் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இப்போதெல்லாம் நான் செபிக்கும்போது அவருக்கு வழி சொல்வதில்லை. பெயரைச் சொல்கிறேன், அழ வேண்டும் என்றால் அழுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்து, என்ன கேட்பது என்று விளங்காமல் நீங்கள் தவித்தால், விளங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். விளங்காமலே கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் நர்ஸிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் தலைகீழாகத்தான் கேட்டோம். பிள்ளை பிழைத்திருக்கிறான்.