கண்ணாடிச் சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு

முவாத்திமே ஷீ பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கென்யாவின் லாமுத் தீவு மீன்துறையில் திரியும் பூனைகளில் எது எந்தச் சந்துப் பூனை, எதற்கு எது ஆகாது, எது யார் வீட்டு மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாகத் துறையில் மீன் அரிகிறார். மொம்பாசாவுக்கு வேலைக்குப் போன கணவர் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். யாராவது பரிதாபப்பட வந்தால், "குறட்டைச் சத்தம் போச்சு, விடு" என்பார்.

மீன் தலையையும் குடலையும் கூடையில் சேர்த்து, வீடு திரும்பும்போது சந்துக்குச் சந்து கொஞ்சம் வைப்பார். எல்லாவற்றையும் ஓரிடத்தில் கொட்டமாட்டார். கொட்டினால் துறைப் பூனைகள் பள்ளிவாசல் சந்துப் பூனைகளை அண்டவிடா.

போன வருடம் விடுதிக்காரர்கள், பூனைகள் சாப்பாட்டு மேசையில் ஏறுகின்றன என்று புகார் சொன்னார்கள். கடற்கரைத் தெருக் குழு உடனே முடிவெடுத்தது. பூனைகளுக்கு ஒரு காப்பகம் கட்டுவது. அது திறந்த ஒரு மாதத்துக்குப் பிறகும் வெளியே திரிகிற பூனைகளுக்கு விஷம் கலந்த மீன் வைப்பது. அறுபதுக்கும் மேற்பட்ட பூனைகளின் உயிர் அந்தக் கட்டடத்தில் தொங்கியது.

நைரோபியிலிருந்து முத்துரி என்ற வடிவமைப்பாளர் வந்தார். மூன்று நாள் இருந்தார். கூட்டத்தில் படத்தை விரித்தார். ஆறு மீட்டர் அகலத்தில் ஒரே கூடம். கடலைப் பார்த்த முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒரே வாசல். பயணிகள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம், உண்டியலில் காசு போடலாம்.

"அழகா இருக்கு தம்பி," என்றார் முவாத்திமே. "இதுல யாரு இருக்கப் போறா?"

"பூனைங்கதான்மா."

"அதுங்ககிட்ட கேட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குழுத் தலைவர் அபூத் மக்காமே பக்கம் திரும்பினார். "தலைவரே, உங்க வீட்டு வாசலை ஏன் நேரா வைக்காம வளைச்சு வச்சிருக்கீங்க?"

"தெருவுல போறவன் பார்வை உள்ள விழக் கூடாதுன்னுதான். இது என்ன கேள்வி?"

"குட்டி போட்ட பூனையும் அதைத்தானே கேக்கும். அதுக்கு மட்டும் ஏன் கண்ணாடி? வாசல் ஒண்ணு பத்தாது, விரட்டினா ஓடறதுக்கு இன்னொரு வழி வேணும். கூடமும் வேணாம். நம்ம வீடு மாதிரி, கூரைக்குப் போடற கண்டல் மரக் கழி எட்டற அகலத்துக்கு நாலு அறை போடுங்க. சுவருல மாடம் வைங்க. ஒவ்வொரு சந்துக்காரனும் தனியா ஒதுங்கிக்குவான்."

"இன்னைக்கு மாடம் கேக்கறா, நாளைக்குக் கட்டில் கேப்பா," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"கேப்பேன். உன் மாமியாருக்கு நீ போட்டிருக்கியே, அதைவிட நல்லதா கேப்பேன்."

தலைவர் கையமர்த்தினார். "ஏம்மா, அவர் படிச்சவர். படம் போட்டாச்சு. உக்காரு."

எனக்கு இன்றுவரை ஆறாதது இதுதான். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டு வாசலும் வளைந்ததுதான். ஒவ்வொருவர் அறையும் ஒரு கண்டல் கழி எட்டும் அகலம்தான். வீட்டில் அறிவாக இருப்பது, மீன் அரிகிற பெண் வாயிலிருந்து வந்ததும் எப்படி அறியாமை ஆகிறது? பன்னிரண்டு வருடம் படித்துவிட்டுப் பின்வரிசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த என் மேலும் எனக்குக் கோபம்தான்.

படத்தில் இருந்தபடியே கட்டினார்கள். பதினோரு பூனைகளைச் சாக்கில் பிடித்து உள்ளே விட்டார்கள். மதியத்துக்குள் கண்ணாடி வழியாக இறங்கிய வெயிலில் தரை கொதித்தது. எல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நெருக்கியடித்து, ஒன்றையொன்று காது கிழியக் கடித்தன. வெளியே பயணிகள் கண்ணாடியைத் தட்டித் தட்டிப் படம் எடுத்தார்கள். மூன்றாம் நாள் கதவைத் திறந்ததும் அத்தனையும் பாய்ந்து வெளியேறின. இரண்டு குட்டிகள் மட்டும் உள்ளே கிடந்தன, வெக்கையில் செத்து.

முவாத்திமே அவற்றைத் துணியில் சுற்றி எடுத்துப்போய்ப் புதைத்தார். திரும்பி வந்து என்னிடம், "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டார். இருபத்தேழு என்றேன்.

மறுநாள் மீன் வேலை முடிந்ததும், ஊரே பார்க்க, கடப்பாரையோடு வந்தார். கூட வந்த கொத்தனார் ஃபமாவ் தயங்கினார்.

"அனுமதி இல்லாம உடைச்சா என்னைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்கக்கா."

"உடைக்கறது நான். சுவர் சரியாம எங்க அடிக்கணும்னு மட்டும் நீ சொல்லு."

பின்சுவரில், சந்துப் பக்கம், பூனை நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டைகள் போட்டார். படகுக்காரர்கள் கொடுத்த பழைய பாய்த்துணிகளைக் கட்டிக் கூடத்தை நான்காகப் பிரித்தார். மீன்பெட்டிகளை உள்ளே வாசலுக்கு எதிரே சுவர்போல அடுக்கி, நுழைகிற வழியை வளைத்தார். மாடத்துக்குப் பதிலாகச் சுவரோரம் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தார். கடைசியில் வாளிச் சுண்ணாம்பைக் கரைத்து, கண்ணாடி முழுவதும் வெள்ளை பூச ஆரம்பித்தார்.

பாதி பூசும்போது தலைவர் வந்தார். "என்ன பண்றே? அந்தக் கண்ணாடி நைரோபியிலேருந்து வந்தது."

"ரொம்ப தூரத்துலேருந்துதான் வந்திருக்கு. நிழல்தான் தரல."

"அழி. இப்பவே அழி."

"அழிக்கறேன். முதல்ல உங்க வீட்டு முன்சுவரை இடிச்சுக் கண்ணாடி போடுங்க. நீங்க சாப்பிடறதையும் தூங்கறதையும் ஊர் நின்னு பாக்கட்டும். உண்டியல்ல முதல் காசு நான் போடறேன்."

படகுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"போலீசைக் கூப்பிடுவேன் முவாத்திமே."

"கூப்பிடுங்க. குட்டிங்களைப் புதைச்ச இடத்தையும் அவங்களுக்குக் காட்டறேன்."

தலைவர் போய்விட்டார். போலீஸ் வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் எந்தப் பூனையையும் சாக்கில் பிடிக்கவில்லை. முவாத்திமே சந்துகளில் வைக்கும் மீனை ஒவ்வொரு நாளும் சில அடி நகர்த்தினார். இரண்டு வாரத்தில் அது பின்சுவர் ஓட்டைக்கு வந்து சேர்ந்தது. பூனைகளும் வந்தன. துறைப் பூனைகள் ஒரு பாய்த்துணிக்கு இந்தப் பக்கம், பள்ளிவாசல் சந்துக்காரர்கள் அந்தப் பக்கம்.

கடைசி நாள் தலைவர் முன்னிலையில் எண்ணினார்கள். உள்ளே ஐம்பத்தெட்டு. பள்ளிவாசல் மதிலில் மூன்று.

"அந்த மூணு?" என்றார் எண்ணியவர்.

"தொழுகை முடிஞ்சு வரும்," என்றார் முவாத்திமே.

மூன்று பூனைக்காக மீனில் விஷம் கலக்க யாரும் முன்வரவில்லை. விஷப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே அலமாரிக்குத் திரும்பின. முவாத்திமே கூடையை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனார்.

போன மாதம் அந்தக் கட்டடத்தில் கல்வெட்டு வைத்தார்கள். முத்துரி பெயர் இருக்கிறது. அபூத் மக்காமே பெயர் இருக்கிறது. வருகிறவர்களிடம் தலைவர், "நம்ம ஊர் மறைவு முறைப்படி வெள்ளை பூசியிருக்கோம்" என்று கூசாமல் விளக்குகிறார். முவாத்திமே பெயர் ஏன் இல்லை என்று அவரிடம் கேட்டேன்.

"அவ வேலை செய்யலன்னு யாரு சொன்னா? கல்லுல போடறதுக்கு ஒரு படிப்பு வேணாமா?"

இதைக் கேட்டுவிட்டு நான் கொதித்துக்கொண்டே மீன்துறைக்குப் போனேன். முவாத்திமே கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கல்லை விடு," என்றார். "அடுத்த மாசம் தெற்குக் காத்து கிளம்புது. மழை நேரா முன்வாசல்ல அடிக்கும். கூரையை ரெண்டு முழம் நீட்டணும். அதைக் கேட்டியா?"

திரும்பிப் போய்த் தலைவரிடம் கேட்டேன். படத்தில் அப்படி இல்லையாம். அதனால் முடியாதாம்.