கல்பனா வைத்த சீஸ் பலகை

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கேசரியும் பஜ்ஜியும் வைப்பதுதான் வழக்கம். கல்பனா சீஸ் வைப்பதென்று முடிவு செய்திருந்தாள். அவள் முடிவெடுத்தால் எடுத்ததுதான். ஜமுனாமரத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொடைக்கானலில் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு வந்தவள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்டி, அக்கம்பக்கத்து ஆட்டுப்பாலை வாங்கி சீஸ் போட ஆரம்பித்தபோது, "நல்ல பாலைக் கெட வெச்சு விக்கறா பாரு" என்று ஊரே சிரித்தது. பெங்களூர் ஓட்டல் வண்டிகள் வாராவாரம் மலையேறி வரத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கியது. கல்யாணப் பேச்சில் மட்டும் அந்தப் பேர் செல்லுபடியாகவில்லை. வந்த இரண்டு சம்பந்தமும் அந்த அறையின் வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்விட்டன.

"இந்தத் தடவையாவது அந்த ரூமைச் சாத்தி வைடி" என்றாள் அம்மா ஜெயம்மாள்.

"தெரிஞ்சே கட்டிக்கட்டும்மா. கட்டிக்கினு அப்புறம் மூக்கைப் புடிச்சா நான் எங்க போறது?"

பலா மரப் பலகையைத் துடைத்தாள். மாதக்கணக்கில் பழுத்த கெட்டி சீஸைத் தாள் போல் சீவி விசிறி மாதிரி அடுக்கினாள். மிளகில் புரட்டிய மெத்தென்ற உருண்டைகளை ஒரு பக்கம் வைத்தாள். சாமைத் தட்டை, கொய்யாத் துண்டு, வறுத்த வேர்க்கடலை, நடுவில் சின்னக் கிண்ணத்தில் மலைத்தேன். திருப்தியில்லாமல் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கினாள். பயமே இல்லை என்று சொன்னால் அது பொய்.

அவர்கள் சாதிசனத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பேச்சு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டார் தண்ணீரைத் தவிர எதையும் தொடக்கூடாது. பலகாரத்தில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் புதிதாக எதையும் கேட்க முடியாது.

செங்கத்திலிருந்து மாப்பிள்ளை பிரகாஷும் அவன் அம்மா மாணிக்கம்மாளும் வந்தார்கள். கல்பனா பலகையை அவர்கள் முன்னால் வைத்தாள். மாணிக்கம்மாள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

புளி விளைச்சல், பஸ் வசதி என்று ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள். "பொண்ணு புடிச்சிருக்குது. ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணத்துக்கப்புறம் இந்த வேலை வேணாம். எங்க வூட்டுல இன்னா குறை, இத்தப் போய் செய்யறதுக்கு?"

அப்பா ராஜாக்கண்ணுவின் தலை மெல்ல ஆடத் தொடங்கியது. கல்பனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தலை முழுசாக ஆடி முடிந்தால் அறைக்குப் பூட்டுதான். என்ன சொல்வதென்று தேடிக்கொண்டு நிமிர்ந்தவள் கண்ணில் பிரகாஷின் கன்னம் பட்டது. அது அசைந்துகொண்டிருந்தது. மீசையில் தட்டைத் தூள். சீஸ் விசிறியில் பாதியைக் காணோம்.

"உங்க புள்ள வாயைக் கொஞ்சம் பாருங்கம்மா" என்றாள்.

எல்லோரும் பார்த்தார்கள். பிரகாஷ் அவசரமாக விழுங்கினான்.

"காலைல சாப்புடல. நீங்க ஊர்க்கதை பேசிக்கினு இருந்தீங்களா, அப்பவே கை பாட்டுக்குப் போய்ட்டுது" என்றான். பிறகு தாழ்ந்த குரலில், "நல்லா இருக்குதும்மா."

மாணிக்கம்மாளின் முகம் சுண்டிவிட்டது. "பசியில தெரியாம எடுத்துட்டான். அதெல்லாம் கணக்குல வருமா?"

"அது எப்படிங்க வராம போவும்?" என்றாள் கல்பனா. "நீங்க வேலைய வுடச் சொன்னது அப்புறம். அவரு கை வெச்சது முன்னாடி. உங்க பக்கம் முடிஞ்சுபோச்சு. எங்க பக்கம்தான் நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

"கல்பனா" என்று அதட்டினார் அப்பா.

"ரூமை மூட மாட்டேம்பா. செங்கத்துல வாழப் போனாலும் அங்க ஒரு ரூம் கட்டுவேன். அதுக்குச் சரின்னா எனக்கும் சரி."

பலகையை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். பிரகாஷின் கண் பலகையோடே போனது.

"கொஞ்சம் கட்டிக் குடுப்பீங்களா?"

கல்பனா கதவருகே நின்றாள்.

"கட்டிக் குடுக்க மாட்டேன். இது கெடாது, நாளாக நாளாக நல்லாத்தான் இருக்கும். உங்கம்மாகிட்டப் பேசி முடிச்சுட்டு, வந்து சாப்புடுங்க."