பதினேழாம் எண் வில்லை

செல்லப்பனைப் பூதத்தின் காலுக்குள் வைத்துப் பூட்டியவன் நான். அவன் உள்ளே இருந்து தட்டுகிறான் என்று தெரிந்த பிறகும் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தவனும் நானே.

அது கைத்தவறுதலாக நடந்தது என்று பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லோரும் நம்புகிறார்கள். நீங்களாவது உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருந்தவர்களுக்குப் பூதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடல்வழியே வரக்கூடிய படையை எதிர்க்கக் கட்டிய போர் இயந்திரங்கள். மூன்று தென்னை உயரம். ஒத்திகைக்காக அவை கடற்கரைக்கு நடந்த நாட்களில் கிழக்கேகோட்டையில் பேருந்துகள் நின்று வழிவிடும். கரமனையில் எங்கள் வீட்டு ஓடுகள் நடுங்கும். அரசாங்கம் ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தது. ஊர் வைத்த பெயர் பூதம்.

எந்த உறுப்பையும் கழற்றி எந்த மூட்டிலும் பொருத்தலாம். போரில் கை போனால், நான்கு கால்களில் ஒன்றைக் கையாக்கிக்கொண்டு மற்ற மூன்றில் நிற்கும். ஒவ்வோர் உறுப்புக்குள்ளும் அதை இயக்க ஓர் ஆள். உறுப்புகளை மாற்றிப் பூட்டும் பிரிவுக்கு நான் தலைமைப் பொறியாளர்.

எங்கள் கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணி அடித்த பலகை ஒன்று இருந்தது. ஓர் உறுப்புக்குள் நுழைபவன் அதன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்டிவிட்டு நுழைய வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான். அந்த உறுப்பை யாரும் தொடக்கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான்!

டெல்லியிலிருந்து உயரதிகாரிகள் வந்திருந்த காலை அது. பின்னங்கால் ஒன்றைத் தோளுக்கு மாற்றிக் காட்ட வேண்டும். ஒன்பது நிமிடத்தில் முடிப்பதாக வீம்பாகச் சொல்லியிருந்தேன். கையில் ஸ்டாப் வாட்சுடன் அவர்கள் நின்றார்கள். நான் பலகையைப் பார்த்தேன். பதினேழாம் ஆணியில், அந்தக் காலை இயக்கும் செல்லப்பனின் வில்லை தொங்கியது.

கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு நிமிடம் போயிருக்கும்... ஆட்கள் வில்லையை எடுக்க மறப்பது உண்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கிரேனுக்குக் கை காட்டினேன்.

அவன் உள்ளேதான் இருந்தான். எண்ணெய்க் கசிவு ஒன்றைத் துடைக்கப் போயிருந்தான். அதிகாரிகள் முன்னால் எனக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாதே என்று... என் மானத்தைக் காக்கப் போனவன்!

கால் தோளில் ஏறியதும் அதன் கதவு பூதத்தின் மார்போடு ஒட்டிவிடும். பிறகு யாராலும் திறக்க முடியாது. கழற்றும்போதே பேச்சுக் கம்பியும் துண்டிக்கப்பட்டுவிடும். எட்டரை நிமிடத்தில் முடித்தோம். கைதட்டினார்கள்.

மதியம் ஒரு மணி. சாப்பாட்டு வேளை.

"செல்லப்பன் அண்ணன் எங்கே போனாரு? தூக்குவாளி அனாதையா கெடக்கு," என்றான் கிரேன் ஓட்டும் தாசன். "மீன்கொழம்பு மணக்குது. ஆளு வரல்லேன்னா நான் முடிச்சிருவேன். பின்னெ என்னைக் குத்தம் சொல்லப்பிடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து போய்ப் பூதம் தரையில் ஊன்றியிருந்த கால் ஒன்றின் கணுவில் உள்ளங்கையை வைத்தேன்.

மேலே தோளிலிருந்து இறங்கிவந்து இரும்பு அதிர்ந்தது. மூன்று தட்டு. சற்று இடைவெளி. மறுபடி மூன்று தட்டு...

விருந்தினர் அறையில் அதிகாரிகள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது தோளை இறக்கினால், ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நான் காலைக் கழற்றியது அவர்கள் கண்முன்னே தெரிந்துவிடும். கையை எடுத்தேன். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். ஏன் துடைத்தேன்? அதில் என்ன ஒட்டியிருந்தது?

போய் நானும் பாயசம் குடித்தேன்.

நான்கு மணிக்கு அவர்களுடைய கார்கள் வெளியேறின. "செல்லப்பனைக் காணவில்லையே, இறக்குங்கள்!" என்று முதலில் கத்தியவன் நான். கதவு திறந்ததும் முதலில் நுழைந்தவனும் நான். சித்திரை வெயிலில் ஆறு மணி நேரம் இரும்புக்குள் வெந்திருந்தான். விரல்களில் நகங்கள் பிய்ந்திருந்தன. குரல் இல்லை. அவனை என் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். உயிரைக் காப்பாற்றியவர் என்று ஊரே என்னைக் கொண்டாடியது...

விசாரணையில் வில்லை எங்கே என்று அவனைக் கேட்டார்கள். "மாட்டின மாதிரிதான் இருக்கு சாரே..." என்றான். பலகையில் இல்லை. அது என் மேசை இழுப்பறையில் இருந்தது. 'வில்லையை மாட்டாமல் நுழைந்தார்' என்று எழுதினேன். அவன் அதன் கீழே கையெழுத்திட்டான். அவனுக்கு வேலை போயிற்று. எனக்குப் பதவி உயர்ந்தது.

போர் வரவேயில்லை. பூதங்களைப் பிரித்துப் போட்டார்கள். அவற்றின் திருகு மரைகள் இன்று சாலை என்னும் கடைத்தெருவில் எடைக்குக் கிடைக்கின்றன. அப்படி ஓர் இரும்புக்கடையில்தான் செல்லப்பன் எடை போடுகிறான், தெருவோரமாக நின்று. கடையின் உள்ளறைக்குள் போகமாட்டான். பேருந்திலும் ஏறமாட்டான்.

ஆண்டுதோறும் அதே நாளில், நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு கரமனைக்கு நடந்தே வருவான். எனக்கு நன்றி சொல்ல! அவன் வருமுன் வாசற்கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்து வைத்துவிடுவேன்.

போன மாதமும் வந்தான். பொட்டலத்தை மேசைமேல் வைத்தான்.

"சாரே, ஒண்ணு கேட்டா வெசனப்படப்பிடாது."

"கேளு."

"அன்னிக்கு நான் வில்லையை மாட்டினேன்னுதான் இப்பவும் தோணுது. ஆணி கொஞ்சம் வளைஞ்சிருந்தது, பாத்துக்கிடுங்க. கட்டைவிரலால நிமித்திட்டு மாட்டினேன். அதுகூட ஓர்மை இருக்கு. வீட்டுக்காரி எனக்குக் கிறுக்குங்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அதோட விட்டிருவேன். மாட்டினேனா, இல்லியா?"

ஆணி வளைந்துதான் இருந்தது. வில்லையைக் கழற்றும்போது அது மாட்டிக்கொண்டது. நான் பிடுங்கித்தான் எடுத்தேன்.

வில்லை இப்போது கிடப்பது என் வீட்டு மேசை இழுப்பறையில்; அது எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு...

"மறந்திருப்பே, செல்லப்பா," என்றேன்.

மெல்லத் தலையாட்டினான். "செரி. சார் சொன்னா செரிதான். அப்போ நமக்குத்தான் மண்டை கொழம்பிப் போச்சு, அல்லே?" என்று சிரித்தான். பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினான். "நீங்க இல்லேன்னா அன்னிக்கே தீந்தேன், சாரே."

முதல் பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை எதற்காகச் சொன்னேன்? பதவி இல்லை, விசாரணை இல்லை, பறிபோக ஒன்றுமில்லை... அவன் கண்களில் இருந்த அந்த மரியாதையைத் தவிர!

தன் நினைவில் மிச்சமிருந்த ஒரே உண்மையையும் என் வீட்டில் விட்டுவிட்டு அவன் நடந்தே திரும்பிப் போனான்.

இதை எழுதும்போது வில்லை மேசைமேல் இருக்கிறது. அதன் துளையோரத்தில் அந்த ஆணியின் கீறல் இன்னும் தெரிகிறது. அவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். சாலைக் கடைத்தெரு அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனால் எழுதி முடித்ததும் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். மறுபடியும் இழுப்பறைக்குள் வைப்பேன். வைத்துப் பூட்டுவேன்.