எங்கே என்று கேட்காத வீடு

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்குப் போவதற்கு முன்னால் திருத்திக் கொடுக்கும் கம்பெனி, கோவிலம்பாக்கம் பக்கம். தாம்பரத்திலிருந்து பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மிச்ச உயிரை வைத்துக்கொண்டு நாள் முழுக்க க்வெரி எழுதுகிறேன். படத்தில் ஒரு ஊர் இருக்கும், பத்தியில் வேறு ஊர் இருக்கும். எது தப்பு என்று பச்சையாகத் தெரியும். ஆனாலும் நானாகத் திருத்தக் கூடாது, எழுதினவரைக் கேட்க வேண்டும்.

சேர்ந்த புதிதில், 'எனக்கு ஒரு டவுட்' என்று ஆரம்பித்து ஒரு பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். நம் ஊரில் வகுப்பில் கை தூக்குகிற பிள்ளையிலிருந்து பேங்க் கவுண்டரில் நிற்கிறவர் வரைக்கும் எல்லோரும் "சார், ஒரு டவுட்" என்றுதானே கேட்கிறோம்? அதில் சந்தேகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த மனிதருக்கு ரோஷம் வந்து பெரிதாகப் பதில் எழுதினார். டீம் லீடர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். டவுட் என்றால் அவரை நீ நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்களாம். கொஸ்டின் என்றால் உனக்கு விஷயம் தெரியவில்லை என்று ஆகுமாம். க்வெரி என்பது நடுவில். தப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாத மாதிரி கேட்க வேண்டும். சரியான விடையையும் நீயே எழுதி, 'இதுதானே, உறுதிசெய்யவும்' என்று முடிக்க வேண்டும். அவர் ஆமாம் போட்டால் போதும். யாருக்கும் மானம் போகாது.

இதே வேலையை வீட்டிலும் செய்ய வேண்டிவரும் என்று யார் கண்டது?

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் உருப்படாது என்பது அப்பாவின் சட்டம். அம்மா இருந்தவரைக்கும், அவர் செருப்பில் கால் நுழைக்கும்போது "தூரமா?" என்பாள். "இல்ல, இங்கதான்" என்பார் அப்பா. அத்தோடு சரி. எதிர்வீட்டுக்காரர் தெரியாத்தனமாக "எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டால் போச்சு. திரும்பி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். இந்தக் கூத்தால் நாங்கள் ரயிலையே தவறவிட்டிருக்கிறோம்.

அம்மா போன பிறகு அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் பெயர்கள், பிறகு சாப்பிட்டாரா இல்லையா என்பது. போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை பால் வாங்கப் போனவர் வரவேயில்லை. தெருத்தெருவாகத் தேடி அலுத்து நின்றபோது அவருடைய போனிலிருந்து யாரோ பேசினார்.

"அக்கா, நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேசனாண்ட டீக்கடை. அப்பா இங்க குந்தினு கீறாரு. எங்க போவணும்னு கேட்டா சிரிக்கிறாரு."

ஓடினேன். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கையில் காலிப் பால் கூடை. "நரசிம்மரைச் சேவிக்கலாம்னு வந்தேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பால் கூடையோடு யாராவது ரயிலேறிச் சாமி பார்க்க வருவார்களா? டீக்குக் காசு கொடுத்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்துக் கூட்டி வந்தேன்.

மேடவாக்கத்திலிருக்கும் அண்ணன் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். கேட்டைப் பூட்டு, சாவியை நீ வைத்துக்கொள் என்று. அவன் சொன்னது நியாயம். நியாயம் என்பதாலேயே அவன்மேல் எரிச்சல் வந்தது. அப்பாவுக்கு மிச்சமிருப்பது அந்தக் காலை நடையும் பால் கூடையும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவரை உள்ளே வைத்துப் பூட்டுவதா? பூட்டு வாங்கினேன். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு நாளைத் தள்ளினேன்.

அம்மா மாதிரி "தூரமா?" என்று கேட்டுப் பார்த்தேன். "இங்கதான்" என்று பழக்கத்தில் பதில் வந்தது. அதை நம்பி எப்படி அனுப்புவது? கடைசியில் ஆபீஸ் வித்தையையே எடுத்தேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு கேட்டருகே ஓடிவந்து, "பாலுக்குத்தானேப்பா? முனையில வலது பக்கம், அந்த பூத்துதானே?" என்பேன். "பின்ன வேறெதுக்கு?" என்று முறைப்பார். முறைத்துவிட்டு ஒழுங்காகப் போய் வருவார். வேலை செய்தது. ஆனால் எனக்குத்தான் லீவே கிடையாது. அங்கே முகம் தெரியாதவர்களின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு வந்தால் இங்கே அப்பாவின் மானம் காத்திருக்கும். சில நாள் அலுப்பில் சோற்றின் முன்னாலேயே தூங்கிவிழுந்தேன்.

போன வாரம் ஒருநாள் அவர் செருப்பு மாட்டிக்கொண்டு கேட்டைப் பிடித்தபடி நின்றார். நான் வழக்கம்போல "பாலுக்குத்தானேப்பா?" என்றேன். ஆமாம் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"பதிலையும் நீயே சொல்லிட்டா எப்படிம்மா? எங்க போறீங்கன்னு நேரா கேளு. கேட்டாதான் எனக்குத் தெரியுதா இல்லையான்னு எனக்கே தெரியும்."

என்னால் முடியவில்லை. அவர் விடவில்லை, "கேளும்மா" என்றார் மறுபடியும். பிறந்ததிலிருந்து அந்த வாசலில் கேட்காததைக் கேட்டேன்.

"எங்க போறீங்கப்பா?"

தெருவை இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பார்த்தார். கூடையைப் பார்த்தார். அதிலிருந்தும் ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. உள்ளே வந்தார், செருப்பைக் கழற்றினார், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பழைய கணக்குப்படி கொஞ்ச நேரத்தில் எழுந்து கிளம்ப வேண்டும். எழுந்துவிடுவார், எழுந்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அலமாரில ஒரு பூட்டு வாங்கி வெச்சிருக்கியே," என்றார். "அதப் போட்டுடு."

அழுகை வந்தது. சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பூட்டை எடுத்தேன். பால் வாங்க வேண்டுமே. கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கேட்டைச் சாத்தியபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தூரமா?"

"இல்லப்பா, இங்கதான்," என்று சொல்லிவிட்டுப் பூட்டினேன்.