சீட்டு இறங்கிப்போச்சு மச்சான்

நான் மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஆனாலும் இந்த ஊர் டாக்டர், வக்கீல், பேங்க் மேனேஜர் முதுகெல்லாம் என் மெத்தையின்மேல்தான் கிடக்கிறது. பழைய தலையணையைப் பிரித்துப் பஞ்சடித்துக் கொடுத்துப் பிழைத்தவன், இன்று மாடிக்கு மாடி மெத்தை அடுக்கிய கடைக்கு முதலாளி. ஒருவன் கடைக்குள் நடந்துவரும் தோரணையைப் பார்த்தே அவனுக்கு எங்கே வலி, எவ்வளவு கெட்டியான மெத்தை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். வாசல் போர்டில் இருக்கும் வாசகமும் என் சொந்தச் சரக்குதான்: ‘படுத்தால் கீழே ஒன்றும் தெரியாது.’ நல்ல மெத்தைக்கு அதுதான் அடையாளம். படுத்தவனுக்கு மெத்தை இருப்பதே தெரியக் கூடாது.

அப்பேர்ப்பட்ட மெத்தையில் படுக்கவே மாட்டேன் என்று ஒருவன் அடம்பிடித்தான் என்றால் அது என் தங்கை புருஷன்தான். ஊரே அவனை ஸ்டீரிங் என்று கூப்பிடும். சிமெண்ட் லாரி டிரைவர். சாப்பாட்டுத் தட்டைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பித்தான் சாப்பிடுவான். கிளீனராக ஏறி, வண்டிக்கு அடியில் படுத்து கிரீஸ் அடித்து, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் தூங்கி வளர்ந்த உடம்பு. குடோன் சந்துக்குள் லோடு வண்டியை ரிவர்ஸ் எடுப்பான். முன்னால் வைத்த டீ கிளாஸ் தளும்பாது. அதை மட்டும் நானே ஒத்துக்கொள்கிறேன், அந்த வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

கல்யாணத்துக்கு நான் என் கையால் தைத்த மெத்தையைக் கொடுத்தேன். மறுவாரம் போய்ப் பார்த்தால் தங்கை மெத்தையில், இவன் பக்கத்தில் வெறும் தரையில். நான் பதறிப்போய், "என்ன மாப்ள, அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டேன்.

"எனக்கும் அவளுக்கும் ஒரு சண்டையும் இல்ல மச்சான். எனக்கும் உன் பஞ்சுக்கும்தான் ஒத்துவரல. படுத்தா சேத்துல டயர் மாட்டுன மாதிரி இருக்கு."

அன்றிலிருந்து பார்க்கும்போதெல்லாம் இதே பேச்சு. அவன் என்னைப் பஞ்சுமூட்டை என்பான், நான் அவனைப் பலகை என்பேன். அவன் மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூருக்கு அனுப்பிய பிறகும் அந்த வீட்டில் மெத்தை தங்கைக்கு, தரை அவனுக்கு.

ஒருநாள் லாரியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினான். "சீட்டு இறங்கிப்போச்சு மச்சான். முன்ன பானட்டுக்கு மேல ரோடு நல்லாத் தெரியும். இப்ப எட்டி எட்டிப் பாத்து ஓட்ட வேண்டியிருக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "கடைசியில என் கைக்குத்தானே வந்த?"

"வந்தது நான் இல்ல, சீட்டு. ரொம்ப ஆடாத."

சீட்டைப் பிரித்தேன். உள்ளே ஃபோம் கல்லு மாதிரி இருந்தது, அமுங்கவே இல்லை. இருந்தாலும் டிரைவர் சொல்கிறானே என்று கீழே ஒரு அடுக்கு கெட்டி ஃபோம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து, "இப்ப சரி" என்றான். சில மாதம் கழித்து மறுபடியும் வந்தான். மறுபடியும் சீட்டு இறங்கிவிட்டதாம். இன்னொரு அடுக்கு வைத்தேன். நான் வைத்த ஃபோம் அமுங்கியது என்று இதுவரை ஒருத்தனும் சொன்னதில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ரோடு சரியில்லை, அதனால்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதே சமயத்தில் தங்கை ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இவரு பேண்ட்டெல்லாம் தரையைக் கூட்டுது அண்ணே. ஊர்ல துவைச்சா துணி சுருங்கும். எங்க வீட்டுல வளருது."

முதுகுவலி இருந்தது. டிரைவருக்கு முதுகுவலி இல்லாமல் யாருக்கு இருக்கும்? தைலம் தேய்த்தான், மாத்திரை போட்டான், ஓட்டினான். ஒருநாள் லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது ஒரு தும்மல் வந்தது. தும்மினவன் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். முதுகுக்குள் ‘மடக்’ என்று கேட்டதாம். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கிவந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, ரத்தம் எடுத்து, இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். எலும்பின் மஜ்ஜையிலேயே புற்றுநோய். முதுகெலும்பை உள்ளேயிருந்து கரையான் மாதிரி அரித்திருக்கிறது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"இந்த எலும்பு இப்ப நொறுங்கியிருக்கு. ஆனா இது ரெண்டும் முன்னாடியே நசுங்கியிருக்கு பாருங்க. கொஞ்ச நாளாவே உங்க உயரம் குறைஞ்சிக்கிட்டு வந்திருக்கும். கவனிக்கலையா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஸ்டீரிங் கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான். "மச்சான், சீட்டு இறங்கல. இறங்குனது நான்தான்."

நோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். வலி மட்டும் அசையவில்லை. இருமினால் அலறுவான். படுக்கையில் தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தினாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். தங்கை ஸ்பூனால் ஊட்டுவாள். பாதி கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே சம்பாதித்தவன் உட்கார முடியாமல் கிடந்தான். டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"நோயை நீங்க பாத்துக்குங்கம்மா. அது உங்க வேலை. எனக்கு உக்காரணும். ஓட்டக்கூட வேண்டாம். என் கையால, உக்காந்து சாப்பிடணும்."

அதற்கு ஒரு வழி இருந்தது. நொறுங்கிய எலும்புக்குள் முதுகு வழியாக ஊசியை விட்டு, சிமெண்ட் மாதிரி ஒரு பசையைச் செலுத்துவார்களாம். கொஞ்ச நேரத்தில் அது இறுகி எலும்பைத் தாங்கிக்கொள்ளுமாம். சிமெண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவன் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு.

"ஊருக்கெல்லாம் நான் சிமெண்ட் ஏத்துனேன். இப்ப எனக்கே ஏத்துறாங்க பாரு. எத்தனை மூட்டைம்மா இறக்குவீங்க?"

"ஒரு ஸ்பூன் போதும்" என்றார் அவர். "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷம் சிமெண்ட் தூசி தின்ன உங்க நுரையீரல் இருக்குற நிலையில முழுசா மயக்கம் கொடுக்க முடியாது. அந்த இடத்தை மட்டும்தான் மரத்துப்போக வைப்போம். நீங்க குப்புறப் படுத்து ஆடாம இருக்கணும்."

அவனைக் குப்புறத் திருப்பிப் பார்த்தார்கள். போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வயிறு அமுங்கினாலே முதுகு பிளந்தது. இப்படியென்றால் முடியாது என்றார்கள்.

அப்போதுதான் நான் முன்னால் வந்தேன். "டாக்டரம்மா, நீங்க ஊசியைப் பாத்துக்குங்க. அவன் படுக்குறதை என்கிட்ட விடுங்க." அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, உள்ளே இரும்பு எதுவும் இருக்கக் கூடாது, ஊசி போகும்போது எடுக்கும் படத்தில் மறைக்கும் என்றார். அவ்வளவு போதும் எனக்கு. ஸ்பிரிங் இல்லாமல், ஜிப்புகூட இல்லாமல், முழுக்கக் கையால் தைத்தேன். முகத்துக்கு ஒரு குழி, மூச்சு விட வழி. நெஞ்சின் இரண்டு பக்கமும் உருளை, இடுப்பெலும்புக்கு இரண்டு மேடு, நடுவில் வயிறு தொடாமல் தொங்குவதற்கு ஒரு பள்ளம். நானே பத்துத் தடவை குப்புறப் படுத்துப் பார்த்து, அமுக்குகிற இடத்தையெல்லாம் பிரித்துத் தைத்தேன். என் கையிலிருந்து வந்த சாமான்களிலேயே உசத்தி அதுதான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதில் கிடந்தான். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடந்தான், ஆனால் ஆடவில்லை. மறுநாள் காலை நான் போனபோது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் திருப்பிக்கொண்டிருந்தான். என் தங்கை வாசல்பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாள்.

"எப்படி இருந்துச்சு மாப்ள நம்ம மெத்தை?"

"அது மெத்தையா? பள்ளமும் மேடும். நம்ம ஊரு ரோடு மாதிரியே இருந்துச்சு. அதான் பழகின உடம்பு தாங்கிச்சு."

கடைசியாக அவன் அடித்த நல்ல ஜோக்கு அது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "இந்த ஒரு எலும்பைத்தான் நிறுத்தியிருக்கோம். நோய் மத்ததுலயும் இருக்கு. கால் மரத்துப்போனாலோ, பலம் குறைஞ்சாலோ, சிறுநீர் போகலைன்னாலோ ஒரு நிமிஷம் யோசிக்காம கூட்டிட்டு வந்துடுங்க."

சில வாரம் உட்கார்ந்தான். பிறகு மேலே இன்னொரு எலும்பு நொறுங்கியது. நான் குப்புறப்படுக்கும் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

"இந்த எலும்புல நரம்பு போற பக்கத்துச் சுவர் உடைஞ்சிருக்கு. சிமெண்ட் விட்டா நரம்பு மேல கசிஞ்சிடும். விட முடியாது. கரண்ட் வச்சுப் பாக்கலாம்." கரண்ட் என்றால் கதிர்வீச்சு. அதற்கு அடுத்த வாரம் தேதி கொடுத்தார்கள். மெத்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மறுபடி படுக்கை. மறுபடி ஸ்பூன். இந்தத் தடவை தரையில் படுக்கவும் முடியவில்லை. அப்போதுதான் அவனாகவே கேட்டான்: "உன் பஞ்சைக் கொண்டுவா மச்சான். என்னதான் இருக்கு அதுல, பாப்போம்."

கடையில் இருந்ததில் ஒன்றை எடுத்துப்போகவில்லை. புதிதாகச் செய்தேன். அவன் எடை, அவன் முதுகு, அவன் வலி எல்லாம் எனக்கு மனப்பாடம். கொண்டுபோய்ப் போட்டு, நாங்கள் போர்வையோடு தூக்கி அவனை அதில் கிடத்தினோம். தங்கை வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் கண்ணை மூடிக் கிடந்தான். அலறவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"எப்படி இருக்கு மாப்ள? உண்மையைச் சொல்லணும்."

"இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே இருக்குற மாதிரி தெரியல மச்சான். காத்துல கிடக்குற மாதிரி இருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் போர்டில் இருக்கும் வாசகம், அவன் வாயால். "கேட்டியாம்மா? உன் புருஷன் சொன்னதைக் கேட்டியா? இதுக்குத்தான் இத்தனை வருஷம்..."

தங்கையின் கை நின்றுபோயிருந்தது. துண்டிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவள் விரலெல்லாம் சிவந்திருந்தது.

"ஏங்க," என்றாள். "சூடு தெரியுதா?"

"என்ன சூடு?"

"இப்ப உங்க காலைப் பிடிச்சிருக்கேன். எந்தக் கால் சொல்லுங்க."

அவன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். யோசித்தான். "வலது" என்றான்.

அவள் இரண்டு காலையும் பிடித்திருந்தாள்.

அந்த நிமிஷமே வண்டி பிடித்து ஓடினோம். ஊசி போட்டார்கள், அன்றைக்கே கரண்ட் வைத்தார்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டரும் வந்து பார்த்தார். "எலும்பெல்லாம் ஊறின பிஸ்கட் மாதிரி இருக்கு. ஸ்க்ரூ போட்டா பிடிக்க இடம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். வலி குறைந்தது. கால் வரவில்லை.

வலி குறைந்ததால் உட்காரவைக்கலாம் என்றார்கள். அவன் கேட்டது கிடைத்துவிட்டது. கைவைத்த நாற்காலியில் தூக்கி வைத்தால், இடுப்பில் பிடிமானம் இல்லாமல் மூட்டை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்தான். நான் அகலமாக ஒரு பட்டை தைத்து நெஞ்சோடு சேர்த்துக் கட்டினேன்.

"சீட் பெல்ட்டா?" என்றான். "போலீஸ் பிடிச்சப்பகூடப் போடாதவன் நான்." சொன்னானே தவிர, சிரிக்கவில்லை.

ஜன்னலுக்கு நேரே நாற்காலி. எதிர்க் கடைக்கு லோடு இறக்க வரும் வண்டிகள் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்ப்பான். ஆரம்பத்தில், "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று முணுமுணுப்பான். பிறகு அதுவும் நின்றது. தட்டை மடியில் வைத்தால் மடியில் தட்டு இருப்பது அவனுக்குத் தெரியாது. கவனிக்காவிட்டால் நழுவி விழும். ஒருநாள் சாப்பாடு முழுக்கக் காலில் கொட்டியிருந்தது. தங்கை குனிந்து வழித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், கழட்டு" என்றான். "உக்காந்தது போதும்."

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காருங்களேன்" என்றாள் தங்கை.

"எதுக்கு?"

நான் குனிந்து பட்டையைக் கழற்றிவிட்டேன்.

அதற்குப்பிறகு அவன் உட்காரக் கேட்கவில்லை. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, போய்விட்டான். என் மெத்தையில்தான் போனான்.

அவன் லாரியை வேறு ஒரு டிரைவருக்குக் கொடுத்திருந்தார்கள். போன வாரம் அந்த ஆள் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியவில்லை. "பெரியவரே, சீட்டு ரொம்ப உசரமா இருக்கு. பள்ளத்துல இறங்குனா தலை கூரையில இடிக்குது. யாரோ உள்ள எதையோ வச்சுத் தச்சிருக்காங்க" என்றான்.

பிரித்தேன். நான் வைத்த இரண்டு அடுக்கும் வைத்த மாதிரியே இருந்தன, துளிகூட அமுங்கவில்லை. இரண்டையும் உருவி எடுத்துவிட்டு, சீட்டைப் பழைய உயரத்துக்கே இறக்கித் தைத்துக் கொடுத்தேன்.